சொல்லும் பொருளும்: கூர்ப்புக் கொள்கை குறித்த ஒரு சிந்தனை

தருக்க நூலார் ஒன்றை ஆராயும் முறையை மூன்றாக வகுத்தனர். பொருளைப் பெயர் சொல்லிச் சுட்டுதல் உத்தேசம். அதன் இயல்பை வரையறுத்தல் இலக்கணம். அவ்விலக்கணம் பொருந்துமா எனச் சோதித்தல் பரீட்சை. நடுவிலுள்ள இலக்கணத்தை விட்டுவிட்டு, பெயரிலிருந்து நேரே வாதத்திற்குப் பாய்பவர் எத்தனை காலம் வாதிட்டாலும் முடிவு காணார். உயிரினங்களின் தோற்றம் பற்றி நிகழும் வாதங்களுட் பல இத்தகையனவே.

இலங்கைப் பாடநூல்கள் ‘கூர்ப்பு’ என்று கூறுவதனைத் தமிழகத்தார் ‘பரிணாமம்’ என்பர். கூர்ப்பு என்பது பழந்தமிழ்ச் சொல். உள்ளது மிகுதலை அது உணர்த்தும் எனத் தொல்காப்பியத்தின் உரியியல் கூறுகின்றது. பரிணாமம் என்பது வடசொல். பால் தயிராவது போல, காரணத்தில் அடங்கியிருந்த ஒன்று காரியமாக வெளிப்படுதலைச் சாங்கிய நூலார் அச்சொல்லாற் குறித்தனர்.

ஆங்கிலத்தில் வழங்கும் ‘எவலூஷன்’ என்ற சொல்லின் கதையும் இதனையொத்ததே. சுருளை விரித்தல் என்பது அதன் இலத்தீன் மூலப்பொருள். சுருட்டிய பாயை விரித்தால் முன்னமே இழைத்த கோலம் தெரிவது போல, கருவினுள் முழு உருவமும் நுண்மையாக அமைந்திருந்து பின் விரிகின்றது என்ற கருத்தினைக் குறிக்க, 1744இல் அல்பிரெக்ற் பொன் ஹாலர் இச்சொல்லைக் கையாண்டார். 1859இல் சாள்ஸ் டார்வின் வெளியிட்ட ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலின் முதற் பதிப்பில் இச்சொல் இல்லை. அதன் வினை வடிவம் மட்டும் நூலின் இறுதிச் சொல்லாக நிற்கின்றது. ‘மாற்றத்துடன் கூடிய வழித்தோன்றல்’ என்பதே அவர் பெரிதும் வழங்கிய தொடராகும். உள்ளே இருந்தது விரிதல் வேறு, தலைமுறை தோறும் புதிய வேறுபாடுகள் தோன்றிச் சூழலுக்கேற்பச் சில நிலைத்தல் வேறு. முன்னமே வகுத்த இலக்கு எதனையும் டார்வினின் விளக்கம் வேண்டி நிற்பதில்லை.

‘கொள்கை’ என்ற சொல்லும் மயக்கம் தருவதே. அன்றாட வழக்கில் ஒருவர் தாமாக ஏற்றுக்கொண்ட கருத்தினைக் கொள்கை என்கின்றோம். ஆகவே “அது வெறும் கொள்கைதானே” எனத் தள்ளிவிடுதல் எளிதாகின்றது. விஞ்ஞானத்திலோ, பல சான்றுகளை ஒன்றுசேர்த்து விளக்கிச் சோதனைகளுக்கு ஈடுகொடுத்து நிற்கும் விளக்கமே கொள்கை எனப்படும்.

எல்லாவற்றினும் பெருந்தீங்கு விளைத்தது ‘தக்கன பிழைத்தல்’ என்ற தொடர். இதனை 1864இல் ஆக்கியவர் டார்வின் அல்லர், ஹேர்பேர்ட் ஸ்பென்சர் என்னும் மெய்யியலாளர். ‘இயற்கைத் தேர்வு’ என்றால் தெரிந்தெடுப்பவர் ஒருவர் இருப்பதாக மக்கள் மயங்குவர் என்று கருதிய அல்பிரட் ரசல் வொலஸ், ஸ்பென்சரின் தொடரைக் கையாளுமாறு 1866இல் டார்வினுக்கு எழுதினார். 1869இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் அது இடம்பெற்றது. ஒரு மயக்கத்தைத் தவிர்க்க வந்த சொல் அதனினும் பெரிய மயக்கத்தைத் தந்தமை வியப்பே. தக்கது என்றால் சூழலுக்குப் பொருந்தியது என்பதே பொருள். அதனை ‘வலியது வாழும்’ என மாற்றிக் கொண்டோர், மெலியாரை நசுக்குதலை இயற்கையின் சட்டம் என்றனர். டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கோல்ற்றன் 1883இல் ‘நற்பிறப்பு’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று புதுச்சொல் ஒன்றை ஆக்கி, மனித இனத்தைத் தெரிந்து பெருக்கலாம் என்றார். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1907இலும், ஜேர்மனியில் 1933இலும், ‘தகுதியற்றோர்’ எனப்பட்டவர்களைக் கட்டாய மலடாக்குவதற்குச் சட்டங்கள் பிறந்தன. தகுதி என்ற ஒரு சொல்லின் திரிபு எத்தனை குடும்பங்களின் கண்ணீராயிற்று!

டார்வினுக்காக முன்னின்று வாதாடிய தோமஸ் ஹக்ஸ்லி, 1893இல் ஒக்ஸ்போட்டில் ஆற்றிய உரையில், சமுதாயத்தின் அறவளர்ச்சி இயற்கையின் போராட்டத்தைப் பின்பற்றுவதில் இல்லை, அதனை எதிர்த்து நிற்பதிலேயே உள்ளது என வலியுறுத்தினார். இயற்கையில் நிகழ்வது யாது என்பது ஒரு வினா. மனிதன் செய்யத்தக்கது யாது என்பது மற்றொரு வினா. முன்னதற்குரிய விடை பின்னதற்கு விடையாகாது.

சைவ மக்களும் இங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். மணிவாசகர் சிவபுராணத்தில் பல பிறவிகளை அடுக்கிக் கூறியமை கொண்டு, டார்வினின் கொள்கையை அவர் முன்னமே கூறிவிட்டார் எனப் பெருமை பேசுவோர் உளர். அப்பிறவிகளுள் கல்லும் பேயும் தேவரும் அடங்குதல் நோக்கற்பாலது. அடிகள் கூறுவது ஓர் உயிர் வினைவழியே பிறந்திறந்து இளைத்த துயரம். டார்வின் கூறுவது உடல்களின் வழித்தோன்றல். இரண்டையும் ஒன்றெனக் கொண்டால், பாடசாலையில் கூர்ப்பைக் கற்றுவரும் பிள்ளை ஒருநாள் இரண்டும் பொருந்தவில்லையெனக் கண்டு திருவாசகத்தையே ஐயுறும். இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்குரிய விடைகள் என மூத்தோர் எடுத்துரைத்தால், அப்பிள்ளை விஞ்ஞானத்தையும் தெளிவாகக் கற்கும், திருவாசகத்தையும் உருகி ஓதும்.

பாட்டின் பொருளை உணர்ந்து ஓத வேண்டும் என்பது நம் மரபு. சந்நிதியில் ஓதுவதற்குரிய அவ்விதி சபையில் வாதிடுவதற்கும் உரியதேயாகும்.