தீப்பொறி முன்பு எங்கிருந்தது?

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், பன்னிரண்டு நூற்பாக்களால் ஆன சிவஞானபோதத்தில் சைவ சித்தாந்தத்தை நிறுவியபோது சற்காரியவாதத்தை அடித்தளமாகக் கொண்டார். அதாவது, தோன்றும் எப்பொருளும் தோன்றுமுன்பே தன் காரணத்தில் நுண்ணிலையில் இருக்கிறது, இல்லாதது தோன்றாது என்னும் கொள்கையை. நியாய வைசேடிகரோ, காரியம் முன்பு இல்லாமல் புதிதாகவே பிறக்கிறது என்றனர். மண்ணையும் குடத்தையும் வைத்து நடந்துவந்த இவ்வழக்கை, திருவெண்ணெய்நல்லூர் அமைந்த அதே விழுப்புரம் மாவட்டத்தின் கீழைக்கரையில், மரக்காணத்துக் குப்பங்களின் ஃபைபர் படகுகளில் பூட்டப்படும் அவுட்போர்டு மோட்டாரை வைத்து நடத்தினால் கேள்வி கூர்மையாகிறது. குடத்துக்கு மண் கண்ணுக்குத் தெரிகிறது, தீப்பொறிக்கு அப்படி ஒன்றும் தெரிவதில்லை.

கயிறு இழுத்துக் கிளப்பும் பெட்ரோல் மோட்டாரில் பொறி உண்டாகப் பேட்டரி வேண்டியதில்லை. கயிற்றால் சுழலும் ஃபிளைவீலில் பதித்த நிலைக்காந்தங்கள், செப்புக்கம்பிச் சுருளாகிய காயிலைக் கடந்து ஓடும்போது காந்தப்புலம் மாறுவதால் அதில் மின்சாரம் எழுகிறது; 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட இவ்விதிப்படி, எத்துணை வலிய காந்தமும் அசையாது நின்றால் பயனில்லை. பழைய மோட்டார்களில் பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகள் திறக்கும் கணத்தில் மின்னோட்டம் அறுந்து, அது தாங்கியிருந்த காந்தப்புலம் சட்டென ஒடுங்க, அவ்வொடுக்கமே மிகுதியான சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலான அழுத்தமாக எழுந்து, பிளக் முனையின் சிறு இடைவெளியைப் பொறியாகத் தாண்டுகிறது. பின்வந்த சிடிஐ முறையில், மின்தேக்கியில் சேர்த்துவைத்த மின்சாரம், தூண்டு சுருளின் சிறு சைகையால் மின்னணுக் கதவு திறந்ததும் இக்னிஷன் காயிலுக்குள் பாய்கிறது.

இப்பொறி காந்தத்தில் ஒளிந்திருந்தது என்று சொல்வது கடினம். அதற்குரிய ஆற்றல் இழுத்த கையிலிருந்து வந்தது, கையிலோ நெருப்பின் சாயலே இல்லை. இங்கே நியாய நெறியினராகிய நையாயிகர் வென்றது போலத் தோன்றும். ஆனால் எரிவது பொறியன்று, காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவி. சித்தாந்தக் கணக்கில் அதுவே முதற்காரணம், பொறி அதனை வெளிப்படுத்தும் துணைக்காரணம் மட்டுமே. பிளக்கே இல்லாத டீசல் எஞ்சினில், அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தால் மட்டுமே எண்ணெய் பற்றிக்கொள்வது இதற்குச் சான்று. மோட்டார் கிளம்பாதபோது பிளக்கைக் கழற்றி, கரியையும் உப்பையும் துடைத்து, பொறி வருகிறதா என்று பார்ப்பவரும் இல்லாததை உண்டாக்க முயல்வதில்லை, தடையையே நீக்குகிறார். எனினும் இதைச் சித்தாந்தத்தின் முழு வெற்றியாகக் கொள்ளலாகாது. தடையின்மையும் ஒரு காரணமே என்று நையாயிகரும் ஒப்புவர்.

உண்மையான இடர் நிமித்த காரணத்தில், அதாவது குயவனைப் போல் அறிந்து செய்யும் கருத்தாவில் உள்ளது. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் மாயையை மண்ணாகவும், சத்தியைத் திகிரியாகவும், இறைவனைக் குயவனாகவும் வைத்தார். மோட்டாரிலோ, பொறி எக்கணத்தில் விழவேண்டும் என்பதை அறிவற்ற ஒரு சுருளே குறிக்கிறது. கிளம்பிய பின் ஃபிளைவீல் தன் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்வதால், இழுத்த கைக்கு அங்கு வேலையில்லை. அப்படியானால் கருத்தா தொடக்கத்துக்கு மட்டுமே தேவையா? படைத்தலோடு நில்லாமல் காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் ஆகியவற்றையும் இறைவன் இடையறாது செய்வதாகக் கொள்ளும் சித்தாந்தம் இதை ஏற்காது. இந்த இடத்தில் குயவன் உவமையும் வலுவற்றதே, ஏனெனில் குடமும் குயவனின்றி நிலைக்கும்.

மெய்கண்டாரின் முதல் நூற்பா இதைவிட உறுதியான வழியில் செல்கிறது. அவர் தொடக்கத்திலிருந்து வாதிடாமல், உலகம் எவனால் ஒடுங்குகிறதோ அவனிடமிருந்தே மீளத் தோன்றும் என்று ஒடுக்கத்திலிருந்து வாதிடுகிறார். பாயிண்ட் திறந்து புலம் ஒடுங்கப் பொறி பிறப்பதை இதற்கு உவமையாக்கத் தோன்றினாலும் அது பொருந்தாது, ஏனெனில் அங்கே ஒடுங்குவதும் எழுவதும் ஒரே சடத்தின் நிலைமாற்றங்களே. ஸ்டாப் பொத்தான் மின்சாரத்தை எஞ்சின் உடம்புக்குத் திருப்பிப் பொறியை நிறுத்தும்போது, தானாக ஓடிய அத்தனையும் அடங்கிய பின் மீண்டும் கிளப்ப எஞ்சியிருப்பவர் யார் என்பதே அந்நூற்பா எழுப்பும் கேள்வி. அதற்கு ஃபிளைவீலைச் சுட்டி விடைசொல்ல இயலாது.