இரண்டு வீட்டுக் காகிதம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. குமாரலிங்கபுரம் மாதிரி ஊர்களில் மழை பொய்த்தால், அந்தக் காலத்தில் வயலில் முளைக்காவிட்டாலும் வீட்டில் ஒரு காகிதம் முளைக்கும். கடன் பத்திரம், அப்புறம் ஒத்தி, கடைசியில் கிரயம். விளையாத வருஷத்தில்தான் டிரங்குப் பெட்டி நிரம்பியது!

அந்தப் பெட்டி இப்போது பேரன் கைக்கு வந்திருக்கிறது. கரையான் தின்பதற்குள் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துவிடலாம் என்கிறான். ரொம்ப நல்ல காரியம். ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். கிழிசலில் செலோ டேப் ஒட்டாதீர்கள். நாளாக ஆகப் பசை கறை பிடித்து எழுத்தைக் கெடுத்துவிடும். விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். 'விளம்பி வருஷம்' என்று மட்டும் எழுதியிருந்தால், அது 1898-ஆ 1958-ஆ என்று கேமராவுக்குத் தெரியாது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் இதைத்தான் பெரிய அளவில் செய்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு வீடுகளில் கிடந்த பழைய விவசாயக் குடும்ப ஆவணங்களைத் தேடிப்போய்ப் படமெடுத்தார்கள். ஆனால், அந்த நூலகமே 2023 அக்டோபரில் ஹேக்கர்களிடம் சிக்கி, அதன் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. ஆகவே, படம் எடுத்தாச்சே என்று காகிதத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

இதுவரை சுலபம். எடுத்த படத்தை யாருக்குக் காட்டுவது என்பதில்தான் சிக்கல்.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்... ஒரு பற்று எழுதினால், எதிரே ஒரு வரவு இருந்தே தீரும். உங்கள் தாத்தா கொடுத்த கடன் என்றால், வாங்கியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர், தகப்பன் பெயர், சாதி, பெருவிரல் ரேகை. சில தாள்களில், வட்டிக்குப் பதிலாக மகன் பண்ணையில் வேலை செய்வான் என்றுகூட இருக்கும். அந்த மாதிரிக் கடனையெல்லாம் 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் ரத்து செய்துவிட்டது. தாள் மட்டும் பெட்டியில் இருக்கிறது. 'எங்க தாத்தா எப்பேர்ப்பட்ட ஆளு பாத்தீங்களா!' என்று அதை நீங்கள் வாட்ஸ் அப்பில் போட்டால், ரேகை வைத்தவரின் பேத்தி அதே ஊரில் டீச்சராக இருந்து அதைப் பார்க்க நேரலாம்.

'அப்ப, அதை மட்டும் கிழிச்சுப் போட்டுடலாமா சார்?'

கூடாது. நம் வீட்டுக்குக் கௌரவக் குறைச்சல் என்று நாம் கிழிக்கிற அந்தத் தாள்தான், அவர்கள் அங்கே உழைத்தார்கள் என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சியாக இருக்கலாம்.

ஒரு பக்கம்கூட விடாமல் படமெடுங்கள். எதிர்த்தரப்பு வாரிசு யாரென்று தெரிந்தால், ஒரு பிரதி அவர்களுக்கு. ஊருக்குக் காட்டலாமா என்று அவர்களிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆள் தெரியவில்லையா? பெயரை மறைத்துக் காட்டுங்கள்.

கடன் கேட்டு அவர்கள் எத்தனையோ முறை நம் வாசலில் நின்றிருக்கிறார்கள். அனுமதி கேட்டு ஒரு முறை அவர்கள் வாசலில் நாம் நின்றால் குறைந்தா போய்விடுவோம்?