வினைப்பயனும் எஞ்சின் புகையும்

வினைப்பயன் செய்தவனையே சேரும் என்கிறது சைவ சித்தாந்தம். அது தண்டனையா, திருத்தமா? உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம் பக்குவப்படவே இறைவன் வினைப்பயனை ஊட்டுகிறான் என்பது அதன் விடை.

இந்த விடைக்கு ஒப்புமை தேடத்தக்க இடம் ஒன்று உண்டு: 1930-இல் தி. சு. அவிநாசிலிங்கம் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம். பெரியநாயக்கன்பாளையத்தில் அதன் வளாகத்தில் கோயிலும் உண்டு, பாலிடெக்னிக்கும் உண்டு. அங்கே எழத்தக்க ஒப்புமை இது: வினைப்பயன் செய்தவனிடமே திரும்புவதுபோல, சில டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் வெளியேறும் புகையின் ஒரு பகுதி, கூலரில் குளிர்ந்து, வால்வு வழியே மீண்டும் சிலிண்டருக்குள் செல்கிறது. அதிலுள்ள கரியமில வாயுவும் நீராவியும் எரிவதில்லை; வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானே எரிந்து எழும் தட்டல்) அடங்குகிறது, நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைகின்றன. அளவு மிஞ்சினால் எரிதலே தடுமாறும்.

ஒப்புமை இங்கே முடிகிறது. எஞ்சின் தணியும், திருந்தாது; பயனை அனுபவித்துத் திருந்துவது உயிர் மட்டுமே.