விட்டுவிட்டு நொண்டும் குதிரை

வலியை நம்புவதற்கு நாம் அதனிடம் ஒரு நிபந்தனை வைக்கிறோம்: அது தொடர்ந்து இருக்க வேண்டும். காலையில் நொண்டி, மதியம் சரியாக நடந்து, மாலையில் மறுபடி நொண்டுகிறவனைப் பார்த்து யாரும் முதலில் 'எங்கே வலிக்கிறது' என்று கேட்பதில்லை. நிஜமாகவே வலிக்கிறதா என்ற சந்தேகம்தான் முந்திக்கொள்கிறது. மனிதனானால் வாய்விட்டுச் சொல்லலாம்; அது நம்பப்படுமா என்பது வேறு விஷயம். குதிரைக்கு அதுவும் இல்லை. நான் குதிரை வளர்ப்பவனல்ல, பந்தயத்தில் அக்கறையும் கிடையாது. ஆனால் பிறர் வலியை அறிவது என்ற பிரச்னையை அதன் நிர்வாணமான வடிவில் யோசிக்கக் குதிரையின் பின்னங்காலைவிட உகந்த இடம் எனக்குத் தெரியவில்லை.

1831இல் பாரிஸில் பூலே என்ற கால்நடை மருத்துவர் இப்படிப்பட்ட ஒரு குதிரையைப் பற்றி எழுதினார். சிறிது தூரம் ஓடியதும் பின்னங்கால் நொண்டும். நிறுத்தினால் சற்று நேரத்தில் சரியாகிவிடும். மறுபடி ஓட்டினால் மறுபடி நொண்டும். குளம்பிலும் மூட்டிலும் தேடி அலுத்துப்போகக்கூடிய நோய் இது. காரணம் தொடைத் தமனிகளில் இருந்தது, அவை அடைபட்டிருந்தன. நிற்கிற காலுக்கு வேண்டிய ரத்தம் கிளைக்குழாய்கள் வழியாக எப்படியோ வந்துவிடுகிறது. ஓடுகிற காலுக்கு அது போதவில்லை. 27 வருஷம் கழித்து, 1858இல், ஷார்க்கோ இதே நோயை இடுப்புத் தமனி அடைபட்ட ஒரு மனிதனிடம் கண்டபோது, குதிரைகளிடம் ஏற்கெனவே அறியப்பட்டிருந்ததை வைத்துத்தான் அதைப் புரிந்துகொண்டார். பெயரும் லாயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனதுதான்.

இங்கே என்னை உறுத்துவது ஒரு கேள்வி. குதிரை நின்றிருக்கையில் அடைப்பு இருக்கிறது, நொண்டல் இல்லை. அப்படியானால் அடைப்பு மட்டும் எப்படிக் காரணமாகும்? அடைப்பும் ஓட்டமும் சேர்ந்தல்லவா காரணம்? ஓட்டத்துக்குப் பின்னால் வண்டி இருக்கிறது, வண்டிக்காரனின் அவசரம் இருக்கிறது. அடைப்பை அறுத்து மேஜைமேல் வைத்துக் காட்டலாம். அவசரத்தை அப்படி வைக்க முடியாது. ஆகவே காரணம் என்ற பெயர் அடைப்புக்குப் போய்ச் சேர்கிறது. இதை வெறும் வசதி என்று ஒதுக்கவும் முடியாது; அடைப்பில்லாத குதிரைகள் அதே வண்டியை இழுத்துக்கொண்டு நொண்டாமல்தான் ஓடின. என்றாலும், பல காரணங்களில் ஒன்றைப் பொறுக்கும்போது நம் கை தன்னிச்சையாக, நமக்குப் பொறுப்பில்லாத ஒன்றின்மேலேயே போய் விழுவதை நான் கவனித்திருக்கிறேன்.

விட்டுவிட்டு நொண்டும் குதிரையெல்லாம் ரத்தக்குழாய் நோயாளி அல்ல. சொல்லப்போனால் அது அபூர்வம். பின்னங்காலின் முழங்கால் மூட்டுக்குக்கீழே உள்ள அடுத்த பெரிய மூட்டில் தேய்மானம் என்றால், லாயத்தைவிட்டுக் கிளம்பும்போது கால் விறைத்து இழுக்கும், நடக்க நடக்க இளகும். அடைப்பில் நேர்மாறு: கிளம்பும்போது குற்றமில்லை, ஓட ஓடத்தான் கால் கெடுகிறது, நிறுத்தியதும் தொட்டால் மற்றக் காலைவிடக் குளிர்ந்திருக்கவும் கூடும். இன்னொன்று விசித்திரமானது. குதிரை பின்னங்காலைப் பூட்டிக்கொண்டு நின்றபடியே உறங்குவதற்காக முழங்கால் சில்லில் ஓர் அமைப்பு இருக்கிறது. அந்தப் பூட்டு வேண்டாத நேரத்தில் விழுந்தால் கால் பின்னால் நீட்டியபடி நின்றுவிடும். பிறகு திடீரென்று விடுபடும். அடுத்த நிமிஷம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். ஆக, எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதுதான் இந்தப் பிராணி தரக்கூடிய ஒரே வாக்குமூலம். 'இப்போது நன்றாகத்தானே நடக்கிறது' என்று சொல்கிறவன் சாட்சி பேசும்போது காதைப் பொத்திக்கொள்கிறான்.

கேட்கிற காதும் சுத்தமானதல்ல. மருத்துவர்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொரு பகுதியாக மரப்பு ஊசி போட்டுப் பார்க்கிறார்கள். எந்த இடம் மரத்ததும் நொண்டல் மறைகிறதோ அங்கே வலி. தர்க்கரீதியாக அழகான முறை. ஆனால் ஊசி போட்டது தெரிந்தால் பார்க்கிறவர் கண்ணுக்கு நொண்டல் கூடுதலாகக் குறைந்து தெரிகிறது என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. லேசான நொண்டலில் ஒரு கால் நொண்டுகிறதா இல்லையா என்பதில் அனுபவசாலிகளே நூற்றுக்கு 62 தடவைதான் ஒத்துப்போனார்கள் என்றது 2010இல் வந்த இன்னொன்று.

ஜெர்மன்காரர்கள் மனிதனுக்கு வரும் இந்த நோயைக் 'கடை ஜன்னல் நோய்' என்கிறார்கள். கால் இழுக்கத் தொடங்கியதும் நோயாளி நின்று, கண்ணாடிக்குள் இருக்கும் சாமான்களை வேடிக்கை பார்ப்பதுபோல் பாவனை செய்கிறான். வலி தணிந்ததும் அடுத்த கடைவரை நடக்கிறான். பாவனை செய்யத் தெரிந்த ஜீவன் வலி இல்லாததுபோல் நடிக்கிறது. பாவனையே அறியாத ஜீவனைத்தான் கள்ளக் குதிரை என்று சாட்டையால் அடிக்கிறார்கள்.

இதில் எனக்கு விடை கிடைக்காத இடம் ஒன்று உண்டு. நொண்டாத குதிரையில் நொண்டலின் காரணத்தைத் தேட முடியாது. எனவே நொண்டவைக்க வேண்டும்: காலை மடித்துப் பிடித்திருந்து விட்டதும் ஓடவிடுகிறார்கள்; வட்டமாகச் சுற்றவிடுகிறார்கள்; அடைப்பைச் சந்தேகித்தால் கால் தளரும்வரை ஓட்டுகிறார்கள். அறிவதற்காக வலியை வரவழைப்பதும் வேலை வாங்குவதற்காக வரவழைப்பதும் குதிரையின் பக்கத்திலிருந்து ஒன்றேதான். வித்தியாசம் முழுவதும் ஓட்டுகிறவன் மனசில் இருக்கிறது, குதிரைக்கு அங்கே பிரவேசமில்லை. நான் அந்த மைதானத்தில் நின்றால் காலைப் பார்ப்பதற்கு முன், நொண்டல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் இன்னொரு சுற்று ஓட்டச் சொல்கிறவர் யார் என்று பார்ப்பேன்.