கண்ணாடிக் கடையில் ஒரு கேள்வி

புதுச்சேரி நேரு வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றிற்கு அண்மையில் செல்ல நேர்ந்தது. உடன் வந்தவர் நம் தெருவில் தையல் வேலை செய்து பிழைக்கும் சகோதரி ஒருவர். பத்து வயது மகனுக்குக் கிட்டப்பார்வை; பள்ளி விட்டால் பந்தும் கையுமாகத் திரியும் பிள்ளை. மருத்துவர் தந்த சீட்டை நீட்டியதும், "கிளாஸா, பிளாஸ்டிக்கா, பாலிகார்பனேட்டா? கோட்டிங் வேணுமா? புளூ கட் போடலாமா?" என்று விற்பனையாளர் அடுக்கினார். சகோதரி நம்மைத் திரும்பிப் பார்த்தார். நாமோ எல்லாப் பூச்சுகளோடும் கண்ணாடி வாங்கி அணிந்திருப்பவர்கள். எது எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை.

விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டவை உண்டு. அறிந்தவர் அறியாதவரிடம் விற்கும்போது மௌனம் குற்றமாகுமா?

13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் இதை ஆராய்ந்திருக்கிறார். பொருளின் மறைவான குறை வாங்குபவருக்கு ஆபத்தோ இழப்போ தருமானால் அதை வெளிப்படுத்துவது கடமை என்றார். ஆனால் பஞ்ச ஊருக்குத் தானியம் கொண்டுவரும் வணிகர், பின்னால் வேறு வணிகரும் வருகின்றனர் என்பதைச் சொல்ல நீதியால் கட்டுப்பட்டவரல்லர். சொன்னால் அது மேலான நற்பண்பு என்றும் எழுதினார்.

முதல் விதி அந்தச் சிறுவனைக் காக்கிறது. கண்ணாடி வில்லையில் எளிதில் கீறல் விழாது. ஆயினும் சாதாரண பிளாஸ்டிக்கைப்போல் ஏறக்குறைய இருமடங்கு எடை, பந்து பட்டால் கண்ணருகே சில்லுகள். பாலிகார்பனேட்டோ அடியைத் தாங்கும். மேற்பரப்பு மென்மையானது என்பதால் கீறல் தடுக்கும் பூச்சு அதற்கு இன்றியமையாதது. ஓடியாடும் பிள்ளைக்குக் கண்ணாடி வில்லையைத் தந்துவிட்டு வாய்மூடி இருப்பதை அக்குவினாஸ் மன்னித்திருக்க மாட்டார்.

பூச்சுகளில்தான் சிக்கல். பூச்சற்ற பிளாஸ்டிக் வில்லை தன்மேல் விழும் ஒளியில் சுமார் 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு அதனைப் பெரிதும் குறைக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் வண்டி ஓட்டுபவருக்கு அது வீண்செலவன்று. புளூ கட் அப்படியன்று. 17 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2023ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வு, திரை பார்ப்பதால் வரும் கண் களைப்பை அது குறுகிய காலத்தில் குறைப்பதாகக் காணவில்லை. இங்கே தானிய வணிகருக்குத் தந்த சலுகை செல்லாது என்றே நமக்குத் தோன்றுகிறது. தானியம் வாங்குபவர் அதிக விலை தந்தாலும் அவர் பசி தீர்கிறது. இப்பூச்சை வாங்குபவருக்கோ, ஆண்டுக்கணக்கில் அணிந்த பின்னும் அது எதையேனும் செய்ததா என்பது தெரியாது.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வாடகையும் கூலியும் அவருக்குண்டு. விற்பனைப் பிரதிநிதி சொன்னதையே அவரும் நம்பியிருக்கலாம்.

அக்குவினாஸின் தொமினிக்கன் சபையிலேயே, பீசா நகரில், அலெஸ்ஸாந்திரோ தெல்லா ஸ்பினா என்றொரு துறவி இருந்தார், 1313இல் இறந்தார். முதன்முதலில் மூக்குக்கண்ணாடி செய்தவர் அதன் நுணுக்கத்தைச் சொல்ல மறுக்கவே, இவர் தாமே செய்து பார்த்து எல்லாருக்கும் மகிழ்ச்சியோடு கற்றுத் தந்தார் என்று அம்மடத்தின் குறிப்பேடு கூறுகிறது.

இவற்றையெல்லாம் நாம் வீடு திரும்பித்தான் படித்தோம். கடையில் நம்மிடம் பதில் இல்லை. சகோதரியே கேட்டார்: "தம்பி, உங்க பிள்ளையா இருந்தா எதைப் போடுவீங்க?"

அவர் சற்றுத் தயங்கினார். "பாலி போதும் அக்கா" என்று சொல்லி, ரசீதில் ஏற்கெனவே எழுதியிருந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்தார்.