கருகிப்போன பெஞ்சு



காலை நேரத்தில் ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் நின்று பாருங்கள். பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். "இதுல என்ன அதிசயம், பிரதர்?" என்பீர்கள். இந்தச் சாதாரண நடைக்கு ஒரு சிறுமி என்ன பாடுபட்டாள், கேளுங்கள்.

1910-களில் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் நடந்தது இது. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசாங்க உத்தரவு இருந்தது. ஆனால் யாரும் சேர்க்கவில்லை. அய்யங்காளி என்ற தலைவர், பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார். மேல்ஜாதியார் பள்ளிக்கூடத்தையே கொளுத்திவிட்டார்கள்! தீயில் பாதி கருகி மிஞ்சிய பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளியில் பாதுகாத்து வைத்தார்கள். 2022-இல் அந்தப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி பெயர்களையே சூட்டினார்கள்.

அமெரிக்காவிலும் இப்படித்தான். அங்கே ஜாதிக்குப் பதில் நிறம். 1960 நவம்பர் 14 அன்று, நியூ ஆர்லியன்ஸ் பட்டணத்தில், ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயது கறுப்பினச் சிறுமி வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்தாள். வாசலில் பெரிய கூட்டம், ஒரே வசவு. மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். வருஷம் முழுக்க ஒரே டீச்சர், வகுப்பில் அவள் ஒருத்தி மட்டும்! அந்தப் பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? திட்டினவர்களுக்காக ஜெபித்தாள். நம் ஆண்டவர் சிலுவையில் ஏறெடுத்த மன்னிப்பின் ஜெபத்தை (லூக்கா 23:34) அவள் தெருவில் ஏறெடுத்தாள். அல்லேலூயா! கவனியுங்கள், மன்னித்தாள், ஆனால் பயந்து வீட்டில் உட்காரவில்லை. மறுநாளும் போனாள்.

பிரியமானவர்களே, இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2023-இல் நம்முடைய நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர் கையில் ஜாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யும்படி 2024-இல் பரிந்துரைத்தது. பிள்ளை பிறக்கும்போது கையில் கயிறு இருந்ததா? கட்டினது யார்? பெரியவங்க நாமதானே!

மாற்கு 10:13, 14 வாசியுங்கள். பிள்ளைகள் இயேசுவிடம் வராதபடி அதட்டினது யார்? வெளியாட்கள் அல்ல, சீஷர்கள்! அதனால்தான் ஆண்டவருக்குக் கோபம் வந்தது. திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்கு எடுக்கிறோம். ஆனா நம்ம பிள்ளையோட சிநேகிதன் வீட்டுக்கு வந்தா அவனுக்குத் தனி டம்ளரா? "எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை?"ன்னு கேட்ட பிறகுதான் தண்ணியா?

இன்றைக்கே உங்கள் பிள்ளையின் கையைப் பாருங்கள். கயிறு இருந்தால், நீங்களே அவிழ்த்துவிடுங்கள். பிறகு உங்கள் இருதயத்தையும் பாருங்கள்.

ஜெபம்: பரம தகப்பனே, சிறுபிள்ளைகளுக்குத் தடையாய் நின்ற எங்களை மன்னியும். எங்கள் வீட்டு வாசலை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.