சூடு போகும் வழி

விளையாட்டுக்கென்றே வாங்கிய லேப்டாப் அரைமணி நேரத்தில் திணறத் தொடங்குகிறது. திரை அப்படியே உறைந்து நிற்கிறது, விசிறி இரைகிறது, பிறகு தானாக அணைந்துவிடுகிறது. அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஹீட் ஆகுது, அதான் கோளாறு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். சூடாவதையே நோயாக எடுத்துக்கொள்கிறோம். மற்ற ஊர்களில் எப்படியோ, சுவாமிமலையில் இப்படி நினைக்கலாகாது. சூட்டை நம்பிப் பிழைக்கும் ஊர் இது.

இங்கே சிலை வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறையில் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து முதலில் உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணை மெல்லப் பூசுகிறார்கள். வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும், அதனால் நிழலில்தான் காயவைக்கிறார்கள். அப்புறம் கம்பி கட்டி, நெருப்பில் வாட்டி, உள்ளிருக்கும் மெழுகை உருக்கி வடித்துவிடுகிறார்கள். காலியான கூட்டுக்குள் உலோகம் இறங்குகிறது. பஞ்சலோகம் என்றாலும் பெரும்பங்கு செம்புதான்; தனிச்செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்த நெருப்பின் பக்கத்தில் நிற்கிறவர்கள் அதைக் கண்டு அஞ்சுவதில்லை. அவர்களுடைய கவலை வேறு. மண்ணில் ஈரம் மிச்சமிருந்தால் உலோகம் பட்டதும் ஆவியாகி, போக வழியின்றி அச்சையே உடைக்கும். உள்ளே இருக்கும் காற்று வெளியேறத் துளை விடாவிட்டால் சிலையின் மேனியில் பள்ளம் விழும். ஊற்றி முடித்த பிறகும் அவசரம் கிடையாது, தானாக ஆறும்வரை காத்திருப்பார்கள். எவ்வளவு சூடு என்பதைவிட, அது எப்படி வந்து எப்படிப் போகிறது என்பதில்தான் அவர்கள் கண் இருக்கும்.

அதே கண்ணோடு லேப்டாப்பின் உள்ளே பார்க்க வேண்டும். அங்கும் செம்புதான். சிப்பின் மேல் ஒரு செம்புத் தகடு, அதிலிருந்து தட்டையான செம்புக் குழாய்கள், அவற்றின் முனையில் மெல்லிய தகடுகளின் அடுக்கு, பக்கத்தில் விசிறி. அந்தக் குழாய் வெறும் குழாய் அல்ல. காற்றை அகற்றிய அதன் உட்புறத்தில் சிறிதளவு நீர் இருக்கிறது. சிப்பின் பக்கம் நீர் ஆவியாகிறது, குளிர்ந்த முனைக்குப் போய் மீண்டும் நீராகிறது, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வருகிறது. மழையும் ஆறும் போல ஒரு சுழற்சி, விரல் நீளக் குழாய்க்குள் ஓயாமல் நடக்கிறது. டெல்டாக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பாதையில் எங்கே அடைப்பு என்று தேடுவதுதான் பழுது பார்ப்பது. சிப்பும் தகடும் பார்வைக்கு ஒட்டியிருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று புகுந்துவிடும். செம்பு காற்றைவிடப் பதினைந்தாயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்றால், அந்த மெல்லிய காற்றுப் படலம் எவ்வளவு பெரிய தடை! அதை நிரப்பத்தான் இடையில் ஒரு பசை. வருடக்கணக்கில் அது காய்ந்துவிடும், அல்லது ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். அடுத்தது தூசி. சம்பா அறுவடை நேரத்தில் ஊரெங்கும் பறக்கும் வைக்கோல் தூசி, பட்டறையில் அரம் போடும்போது கிளம்பும் பொடி எல்லாம் விசிறி வழியே போய்த் தகடுகளுக்கிடையே படிகின்றன. மெத்தைமேல் வைத்து விளையாடினால் காற்று நுழையும் வாயே மூடிக்கொள்கிறது.

சூடேறும் முன்பே, போட்டவுடன் கருவி நின்றால் வேறிடத்தில் தேட வேண்டும்: நினைவகம், சேமிப்பு வட்டு, டிரைவர் மென்பொருள், சார்ஜர். விளையாட்டு தொடங்கிச் சிறிது நேரம் கழித்து, வெப்பநிலை நூறு டிகிரியை நெருங்கும்போது மட்டும் நின்றால், பாதையைப் பார்க்கலாம். பல சிப்புகள் அந்த இடத்தில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கருவி அணைந்துவிடும். நாம் கோளாறு என்று திட்டுவது அதன் தற்காப்பை. பேட்டரி உப்பி, அடிப்பக்கம் புடைத்திருந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். அன்றே நிறுத்திவிட வேண்டும், தீப்பிடிக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பையன், கும்பகோணத்தில் படிப்பவன், சித்திரையில் என்னிடம் கேட்டான்: "சுத்தம் பண்ணியாச்சு, பசையும் மாத்தியாச்சு மாமா. அப்பவும் ஏன் சுடுது?" அறையின் காற்றே 38 டிகிரி இருந்தது. விசிறி அந்தக் காற்றைத்தான் ஊதும், அதைவிடக் குளிர்ச்சியை அதனால் தர முடியாது. 25 டிகிரி அறையில் 85 காட்டும் சிப், அதே வேலைக்கு அங்கே 98-ஐத் தொடும். அவன் கேள்வியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் சூடு ஏன் வர வேண்டும்?

லேப்டாப் எதையும் தூக்குவதில்லை, இழுப்பதில்லை. உள்ளே போகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியே வருகிறது. நல்ல பொருளாகச் செய்தால் இதைத் தவிர்க்கலாமே என்று தோன்றும். 1961-ல் ஐபிஎம்மில் இருந்த ரால்ஃப் லாண்டவர் இதற்கு ஓர் அடிமட்ட எல்லை இருப்பதைக் காட்டினார். ஒரு துளித் தகவலை அழித்தால், குறைந்தபட்சம் ஒரு குறிப்பிட்ட அளவு வெப்பம் வெளிவந்தே தீரும். 2012-ல் இதைச் சோதனையிலும் கண்டார்கள். இன்றைய சிப்புகளின் வெப்பத்தில் மிகப்பெரும் பகுதி இந்த எல்லைக்கு மேற்பட்டது, அதைக் குறைத்துக்கொண்டே போகலாம். ஆனால் அழிக்கும் வேலைக்கு வெப்பம் கொடுத்தாக வேண்டும் என்ற விதி மாறாது.

இதைப் படித்தபோது எனக்குப் பட்டறையின் மெழுகு நினைவுக்கு வந்தது. பாடுபட்டுச் செதுக்கிய அந்த உருவத்தை நெருப்பில் அழித்தால்தான் செம்பு உள்ளே வர முடியும். மண் அச்சையும் உடைத்தால்தான் சிலை வெளியே வரும். பையனின் திரையிலும் நொடிக்கு 60 முறை, பழைய படம் அழிந்தால்தான் புதியது வருகிறது. பக்கவாட்டுத் துளையில் கை வைத்தால் சுடும் காற்றில் மிகச் சிறிய ஒரு பங்கு, அப்படி அழிந்த படங்களுக்காகக் கொடுத்தது. பசை, தூசி, சித்திரை வெயில் எல்லாவற்றையும் கழித்த பிறகும் அந்தப் பங்கு மிஞ்சும்.